ஒரிகன்ல பாஸ், அடுக்களையில ஃபெயில்

ராத்திரி 11 மணி. சங்கரன்கோவில். தெருவுல தறிச் சத்தம் இன்னும் நிக்கல.

நான் இங்க உக்காந்து, அமெரிக்காவுல ஒரிகன்ல இருக்குற 20 போனைத் தட்டிக்கிட்டிருந்தேன்.

மாயம்லாம் இல்ல. அமேசான் 2015ல ஆரம்பிச்ச டிவைஸ் ஃபார்ம்ங்குற கிளவுட் சேவை. எல்லாம் நெசப் போன். நம்ம ஆப்பையும் அதை டெஸ்ட் பண்ற ஆப்பியம் ஸ்கிரிப்டையும் ஏத்திவிட்டா அதுவே லாகின் பண்ணும், பட்டனை அமுக்கும், வீடியோவும் எடுத்துத் தரும். மனுச விரலே படாது.

இருபதும் பச்சை, அதாவது பாஸ். காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

காலையில அம்மா போன்ல அதே ஆப்பைப் போட்டுக் குடுத்தேன்.

"ஏல, 'அடுத்து'ன்னு ஒரு பட்டன் இருக்கும்னியே, எங்கல?"

காணோம்!

கண்ணு தெரியலன்னு எழுத்தைப் பெருசாக்கி வச்சிருக்கா. போன ஆடித்தபசுக்கு நான்தான் வச்சுக் குடுத்தேன். எழுத்து வீங்கி, பட்டன் திரைக்குக் கீழ போயிருச்சு. தள்ளுனாலும் வரல.

ஒரிகன்ல எந்தப் போனுக்கும் வெள்ளெழுத்து இல்ல பாருங்க.

இப்ப பெரிய எழுத்துக்கும் ஒரு டெஸ்ட் சேத்தாச்சு. பேரு: அம்மா டெஸ்ட்.

ஆனா, மாவு பிசைஞ்ச ஈரக்கையோட தட்டுறாளே... அதுக்கு எந்த கிளவுட்ல போயி ஸ்கிரிப்ட் எழுத?