ஒரு அலுவலாகக் கொழும்புக்கு

ஹொட்டேல் என்று சொன்னால் எங்கள் நாலு பேருக்கும் ஒரே படம்தான் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், வாய்ப்பன், உழுந்து வடை. பின்னுக்குக் கொத்துரொட்டி போடுகிற சத்தம். மேசையில் துண்டு துண்டாய் வெட்டி வைத்த பேப்பர். யாழ்ப்பாணத்திலும் சரி மன்னாரிலும் சரி, பலகையில் ‘ஹொட்டேல்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒருவரும் தங்குவதில்லை. சாப்பிட்டு, கை கழுவி, காசைக் குடுத்துவிட்டு வெளியே வருவோம்.

அதனால் கொழும்பிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தபோது கன்ரீனில் வைத்து இரண்டு தரம் வாசித்தோம். யாழ் நகரச் சாப்பாட்டுக் கடைகளின் குசினியில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரை ஒரு மாணவர் ஆய்வரங்குக்குத் தெரிவாகியிருந்தது. வெள்ளியும் சனியும் இரண்டு நாள். இடம், கோட்டைப் பக்கம் ஒரு பிஸ்னஸ் ஹோட்டல். “ஹொட்டேலைப் பற்றி எழுதினதுக்கு ஹோட்டலில வந்து வாசிக்கச் சொல்லுறாங்கள்” என்று முல்லைத்தீவுக்காரி சிரித்தாள். நாங்கள் என்றால் முல்லைத்தீவு ஒன்று, மன்னார் ஒன்று, யாழ்ப்பாணம் இரண்டு. எல்லாரும் கலைப்பீடம், மூன்றாம் வருடம்.

சிரிப்பு மின்னஞ்சலின் கடைசிப் பந்தியோடு நின்றது. ஒரு கட்டுரைக்கு ஒரு அறை, ஒரு இரவு மட்டும் அவர்கள் பொறுப்பு. அதுவும் முதலில் நாங்கள் கட்ட வேண்டும். அசல் பில்லைக் குடுத்தால் பிறகு காசு திரும்பி வரும். நாலு பேர் எழுதிய கட்டுரைக்கு ஒரு அறை. மற்ற அறை எங்கட செலவு.

முதலில் பிஸ்னஸ் ஹோட்டல் என்றால் என்னவென்று தேடினோம். கடல் பார்க்கவோ நீந்தவோ வருகிற ஆட்களுக்கான இடமில்லை அது. வேலையாக வந்து, படுத்து எழும்பி, கூட்டத்துக்குப் போகிற ஆட்களுக்கானது. அறைக்குள் எழுதுகிற மேசை, வைஃபை, உடுப்பு மினுக்குகிற பலகை, விடியவே காலைச் சாப்பாடு, கீழே கூட்ட மண்டபம். கிழமை நாட்களில் விலை கூட, சனி ஞாயிறை ஒட்டிக் குறைவு. கடற்கரை ஹோட்டல்களுக்கு இது நேர்மாறு. எங்களுக்கு வேண்டியது வெள்ளி இரவு என்றதால் கொஞ்சம் தப்பினோம்.

இணையத்தில் விலை டொலரில் கிடந்தது. நேரடியாக அழைத்துக் கேட்டால் உள்நாட்டு ஆட்களுக்கு வேறு விலை, அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னா. அழைக்க முன்னம் என்ன கதைப்பதென்று கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதி வைத்தோம். யார் கதைப்பது என்று சீட்டுப் போட்டோம். சீட்டு மன்னார்க்காரிக்கு விழுந்தது. இரண்டாவது வசனத்திலேயே அந்தப் பக்கம் இருந்தவர், “மிஸ், நீங்க தமிழ்லயே பேசலாங்க” என்றார். ஹட்டன் பக்கமாம். எங்களைவிட அவருக்குத்தான் அது நிம்மதியாக இருந்தது மாதிரிப் பட்டது.

ஒரு அறை இருபதாயிரம் ‘பிளஸ் பிளஸ்’ என்றார். அந்த இரண்டு பிளஸும் என்னவென்று கேட்க வெட்கப்படாமல் கேட்டது நல்லதாய்ப் போச்சு. 20,000க்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அது 22,000. அதுக்கு மேல் சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம், 22,550. அந்த முழுத் தொகைக்கும் 18 வீத வற், கிட்டத்தட்ட 26,600. பலகையில் இருக்கிற விலையும் பில்லில் வருகிற விலையும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். நாலாய்ப் பிரித்தால் ஆளுக்கு 6,650. மகாபொல 5,000இலிருந்து 7,500 ஆனதே 2025இல்தான். கூடினது முழுக்க ஒரு இரவுக்குள் போய், அதுக்கு முன்னம் கிடைத்ததிலும் முக்கால்வாசிக்கு மேல் போகும்.

அடுத்தது நேரம். இரவு பஸ் விடிய ஐந்து மணிபோல வெள்ளவத்தையில் இறக்கிவிடும். ஆய்வரங்கு எட்டரைக்கு. அறை தருவது பகல் இரண்டு மணிக்கு. இரவு முழுக்க பஸ்ஸில் கசங்கி, குளிக்காமல், அந்த மண்டபத்தில் போய் எப்பிடி நிற்கிறது? முதல் நாள் இரவுக்கும் சேர்த்துப் பதிந்தால் இரட்டிப்புக் காசு. ஹட்டன் அண்ணாதான் வழி சொன்னார். பைகளைக் கீழே வைத்துவிடலாம், அதுக்குக் காசில்லை. உடற்பயிற்சி அறைப் பக்கம் குளிக்கிற இடம் இருக்கு, முன்கூட்டியே பதிவில் எழுதிவிட்டால் தங்க வருகிற ஆட்கள் பாவிக்கலாம். “வந்து கேட்டா ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க. இப்பவே எழுதிட்டா பிரச்சினை இல்ல” என்றார். இரண்டு அறையிலும் கட்டில் ஒன்றா இரண்டா என்றும் அவரே கேட்டார். அப்படி ஒரு கேள்வி இருக்கென்றே எங்களுக்குத் தெரியாது.

பிறகு அட்டை. கடன் அட்டை எங்களில் ஒருவரிடமும் இல்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு தொகையைப் பிணைபோலப் பிடித்து வைப்பார்கள், வெளிக்கிடும்போது விடுவிப்பார்கள். சாதாரண வங்கி அட்டை என்றால் அந்தக் காசு கணக்குக்குத் திரும்பி வர நாளெடுக்கும். எங்கட கணக்குகளில் இருக்கிற காசுக்கு அந்த நாட்களைத் தாங்க ஏலாது. காசாகக் குடுத்துப் பற்றுச்சீட்டு எடுக்கலாமா என்று கேட்டோம், சரி என்றார்கள். இதை வாசிக்கிற உங்களில் ஆரும் இப்பிடிப் போவதென்றால் இந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதி வையுங்கோ: வரியோடு மொத்தம் எவ்வளவு, பிணைக்காசு எவ்வளவு, காலைச் சாப்பாடு எத்தனை பேருக்கு, பை வைக்கலாமா, கட்டில் எத்தனை.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, பெரிய வேலை முடிந்தது என்று நினைத்தோம். பெரிய வேலை வீட்டில் இருந்தது.

எங்கட ஊர்களில் ‘ரூம் போடுறது’ என்ற சொல்லுக்கு நல்ல அர்த்தம் இல்லை. பொம்பிளைப் பிள்ளைகள் போடுவதென்றால் இன்னும் மோசம். ஒரு அம்மா, “வெள்ளவத்தையில சித்தி இருக்க ஹோட்டலில தங்கினா சித்தி என்ன நினைப்பா?” என்றா. சித்தி வீடு இரண்டு அறை, ஐந்து பேர். போனால் மீன் வாங்கிச் சமைப்பா, நாங்கள் கோப்பை கழுவுவோம், இரவு பன்னிரண்டு வரைக்கும் எங்கட கலியாணம் பற்றிக் கதை நடக்கும். அதுவும் ஒரு செலவுதான், பில் வராது அவ்வளவுதான். இன்னொரு அம்மா 2019 ஏப்ரல் 21ஐ ஞாபகப்படுத்தினா. அன்று தேவாலயங்களோடு கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. காலைச் சாப்பாட்டு நேரம் என்பதை அவ மறக்கவில்லை. “சாப்பாட்டை ரூமுக்கு எடுத்துச் சாப்பிடுங்கோ” என்ற நிபந்தனையோடு சம்மதித்தா.

மன்னார்க்காரியின் அப்பா மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ‘வேண்டாம்’ என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினார்.

கட்டுரையில் அவளுடைய பெயர்தான் முதல். கடைகளின் பின்கதவால் போய், குசினிப் புகைக்குள் நின்று, கூடுதலான நேர்காணல்களை எடுத்தது அவள். எங்களுக்கு வந்த கோவத்தைச் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளைகள், கையில் கோட்பாடு இருக்கு. பெண்ணின் நடமாட்டம், பொதுவெளி, குடும்பத்தின் காவல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பந்தி தயார் செய்தோம். யார் எதை எந்த ஒழுங்கில் சொல்வதென்றும் பிரித்தோம். ஒரு பின்னேரம் ஹொஸ்டல் கட்டிலில் வட்டமாய் இருந்து, தொலைபேசியை நடுவில் வைத்து அழைத்தோம்.

“அங்கிள், நாங்கள் நாலு பேரும்தான் கதைக்கிறம்.”

“ஓம் பிள்ளையள், சொல்லுங்கோ.”

முதல் பந்தியைத் தொடங்கினோம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், “அது ஒண்டும் இல்லை பிள்ளையள். ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு நான் யோசிக்கேல்ல” என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “2007ல நான் வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில நிண்டனான். கட்டாருக்குப் போறதுக்கு ஏஜென்சிக்குக் காசு கட்டிப்போட்டு மெடிக்கலுக்குப் பாத்துக்கொண்டு இருந்த நேரம். விடியப்புறம் கதவைத் தட்டிச்சினம். ஏன் கொழும்பில நிக்கிறாய் எண்டு கேள்வி. ஒரு அலுவலா வந்தனான் எண்டன். என்ன அலுவல், கடிதம் எங்க எண்டு கேட்டினம். கடிதம் ஏஜென்சியில கிடந்தது. அரை மணித்தியாலத்தில பையைக் கட்டி பஸ்ஸில ஏத்தியாச்சு. வவுனியாவிலதான் இறக்கினது. லொட்ஜுக்கு ஒரு கிழமைக் காசு முன்னுக்கே கட்டியிருந்தன். துண்டு எழுதித் தரேல்ல. நான் அங்க தங்கினதுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லை.”

மன்னார்க்காரி நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கும் அது புதுக்கதை. மிச்சம் மூன்று பந்திகளையும் நாங்கள் சொல்லவில்லை.

அன்று இரவு தேடி வாசித்தோம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. பிறகு அன்றைய பிரதமர் வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பக் கொண்டுவரவும் பட்டார்கள். அவளுடைய அப்பா திரும்பிப் போகவில்லை. கட்டாருக்கும் போகவில்லை. எங்களுக்கு அப்ப மூன்று, நாலு வயது. முதலில் மலிவு என்று நாங்களும் வெள்ளவத்தை லொட்ஜுகளின் விலை கேட்டுப் பார்த்திருந்தோம். அந்தச் சொல் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

காலம் மாறிப்போச்சு, இப்ப அப்படி நடக்காது என்று அவருக்குச் சொல்லலாமா என்று யோசித்தோம். அதைச் சொல்ல நாங்கள் ஆர்? அதனால் விவாதத்தை விட்டுவிட்டு அவரிடமே கேட்டோம்: “என்ன இருந்தா நீங்கள் பயப்படாம இருப்பியள் அங்கிள்?”

அவருக்குப் பதில் ஆயத்தமாய் இருந்தது. கடிதம், அடையாள அட்டை, பில். “பில்லில பேர் வருமோ? ஒராளின்ர பேரா, நாலு பேரின்ர பேருமா?”

எங்களுக்குத் தெரியவில்லை. திரும்ப ஹட்டன் அண்ணாவுக்கு அழைத்தோம். வழக்கமாக அறை எடுக்கிற ஆளின் பெயர் மட்டும்தான் வரும் என்றார். ஏன் கேட்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்சம் நிறுத்தி, “நாலு பேரோட பேரும் ஐசி நம்பரும் அனுப்புங்க மிஸ், ரெண்டு ரூமுக்கும் ரெண்டு ரெண்டு பேரா போட்டுத் தாறேன்” என்றார். அன்று பின்னேரமே உறுதிப்படுத்தல் வந்தது. நாலு பெயர், நாலு இலக்கம். அதையும் ஆய்வரங்குக் கடிதத்தையும் மன்னாருக்கு அனுப்பினோம். அடுத்த நாள் காலை, “அப்ப போயிட்டு வாங்கோ” என்று வந்தது.

இதை எழுதுகிறபோது பஸ்ஸுக்கு இன்னும் நாலு நாள். நேற்று ஹோட்டலிலிருந்து ஒரு படிவம் வந்தது. பெயர், அடையாள அட்டை, வந்து சேரும் நேரம், கடைசியில் வருகையின் நோக்கம். பிஸ்னஸ், ஓய்வு, வேறு என்று மூன்று பெட்டி. அந்தக் கேள்வியில் நால்வரும் நின்றுவிட்டோம். அவரிடம் விடியப்புறம் கேட்டதும் இதே கேள்விதான். எங்களிடம் மரியாதையாக, பெட்டி போட்டுக் கேட்கிறார்கள்.

முல்லைத்தீவுக்காரி ‘வேறு’ என்றாள். நாங்கள் வியாபாரம் ஒன்றும் செய்யவில்லையே என்பது அவளுடைய நியாயம். மன்னார்க்காரி ஒத்துக்கொள்ளவில்லை. “பிஸ்னஸ் எண்டா அலுவல்தானே. நாங்கள் அலுவலாத்தானே போறம்” என்று சொல்லி முதல் பெட்டியில் சரி போட்டாள்.

அந்தப் படிவத்தையும் அவள் அப்பாவுக்கு அனுப்பினாள். “கிடைச்சது. எல்லாத்திலயும் ரெண்டு கொப்பி எடுத்து வையுங்கோ” என்று பதில் வந்தது. கம்பஸ் வாசல் கடையில் ஒரு பக்கத்துக்குப் பத்து ரூபா. எடுத்து வைத்திருக்கிறோம்.