கொடிமுந்திரிகைத் தோட்டத்தில் ஒரு பகல்

மதுவருந்தாத ஒருவனை மதுச்சுவை காணும் உலாவுக்கு அழைப்பார் உளரோ என நேயர்கள் ஐயுறலாம். எம்மை அழைத்த நண்பர் மூவரும் காரணத்தை மறைத்தாரல்லர். தென்னாபிரிக்காவிலும் நம் நாட்டிற்போல வாகனங்கள் வீதியின் இடப்புறத்திலேயே செல்கின்றன. மாலையிலே தம்மைப் பத்திரமாக விடுதிக்குக் கொண்டு சேர்க்க ஒரு சாரதி வேண்டும். அப்பதவிக்கு எம்மினும் தகுதியுடையார் இலர் என்பது அவர்கள் தீர்ப்பு. நாமும் இசைந்தோம்.

எமது விரதத்துக்குக் காரணம் உண்டு. தாய்மாமனார் ஒருவர் காணியையும் கல்வீட்டையும் குடியிலே தொலைத்து, இளவயதிலேயே மாண்டார். அவருடைய எட்டுச் செலவன்று அன்னையார் சிறுவனாயிருந்த எம்மை அடுப்படிக்கு அழைத்து, “இந்தச் சனியனை நாக்கிலை வைக்கமாட்டன் எண்டு சொல்லு மோனை” என்றார். சொன்னோம்.

மாசி மாதத்து வெயில் ஏறுமுன்னரே புறப்பட்டோம். கேப் நகரின் தென்புறத்தே மலைச்சாரலில் உள்ள குரூட் கொன்ஸ்ரன்ஸியா என்னும் பழந்தோட்டமே முதலிடம். யாழ்ப்பாணக் கோட்டையை 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கம்பனிதான் கேப்பிலும் ஆட்சி செய்தது. அக்கோட்டை வீழ்ந்த மறுவருடம், 1659 இல், கேப்பின் முதல் முந்திரிகை மது பிழியப்பட்டது. குரூட் கொன்ஸ்ரன்ஸியாவை 1685 இல் நிறுவிய சைமன் வான் டெர் ஸ்ரெல் என்பாருக்கும் எமது தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் தந்தையார் கம்பனியின் சேவையில் இலங்கைக்கு வந்து, 1646 இல் கண்டியரசனின் படையினராற் கொல்லப்பட்டார். தாயாரோ விடுதலை பெற்ற இந்திய அடிமைப் பெண் ஒருத்தியின் மகள்.

வெள்ளைச் சுவரும் வைக்கோற் கூரையுமாய் நிற்கும் மாளிகை இப்போது அருங்காட்சியகம். நண்பர்கள் நேரே சுவைக்கூடத்துக்கு விரைந்தனர். நெப்போலியன் செயின்ற் ஹெலினாத் தீவிற் சிறையிருந்தபோது வரவழைத்துப் பருகியது கொன்ஸ்ரன்ஸியாவின் இனிப்பு மதுவே என்றால், அவர்கள் விரைவைக் குறைகூறலாகாது. சுவைத்தல் ஒரு சடங்கு. கிண்ணத்தில் இரண்டு விரலளவு ஊற்றுகின்றனர். அதனைச் சாய்த்து வெண்டுணியின்மேற் பிடித்து நிறம் பார்க்கவேண்டும். சுழற்றி மணம் பிடிக்கவேண்டும். வாயிற் கொண்டு காற்றுடன் கலந்து நாவிற் புரட்டியபின், பக்கத்திலுள்ள பாத்திரத்தில் உமிழ்ந்துவிடலாம். வைத்திய நண்பர் கண்களை மூடிக்கொண்டு, புகையிலை, பதனிட்ட தோல், காட்டுப்பழம் என அடுக்கினார். நாமும் மணந்து பார்த்தோம். எமக்கு ஊறவைத்த பழம்புளியின் வாசமே தோன்றிற்று. கணக்காளர் சிரித்த சிரிப்பில் அயல் மேசையார் திரும்பினர்.

அவர்களை அங்கே விட்டு மாளிகையினுட் சென்றோம். இத்தோட்டத்தில் உழைத்த அடிமைகளைப் பற்றியும் அங்கே சொல்லியிருக்கிறார்கள். வங்காளம், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, மடகஸ்கார், ஜாவா எனப் பல திசைகளிலிருந்து கம்பனி அவர்களைக் கப்பலேற்றியது. உடைமையாளர் இட்ட பெயரோடு ஊர்ப்பெயரைச் சேர்த்து ஏட்டில் எழுதுவது வழக்கு. ‘வான் பெங்கால’, ‘வான் மலபார்’ என்பவற்றோடு ‘வான் சிலோன்’ என்பதும் கேப்பின் பழைய ஏடுகளில் உண்டு. இலங்கையன் என்பதே பொருள். தாய் இட்ட பெயர் ஏட்டில் இல்லை. இந்தக் கரையில் நிலம் கொத்திக் கொடி நட்ட கைகளுள் எம்மவர் கைகளும் இருந்தன என்பது, ஆண்டாண்டாய் ஒல்லாந்தர் காலத்தை வகுப்பிற் கற்பித்து வந்த எமக்கு அன்றுவரை தோன்றியதேயில்லை. வெட்கமாயிருந்தது.

நண்பகலுக்குப்பின் ஸ்ரெலன்பொஸ் நகரையடுத்த சிறு தோட்டமொன்றை அடைந்தோம். பினோட்டாஜ் என்னும் இனம் 1925 இல் அந்நகரிலேதான் இரு இனங்களைக் கலப்பினம் செய்து உருவாக்கப்பட்டது. ஊற்றிக் கொடுத்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய குடும்பப் பெயர் ஓர் ஆங்கில மாதத்தின் பெயர். அடிமைகளுக்கு மாதப் பெயரை இடுவதும் அக்காலத்து வழக்கு. 1834 இல் அடிமைத்தனம் ஒழிந்து, மேலும் நான்காண்டுக் கட்டாய ஊழியமும் முடிந்தபின், பெயர்கள் மாத்திரம் நிலைத்துவிட்டன.

எமது கிண்ணம் தொடப்படாதிருந்ததைக் கண்டு, “ஐயா குடிப்பதில்லையா?” என்றார். இல்லை என்றோம். “நானும் குடிப்பதில்லை. நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவேன். தொழிலுக்கு அது போதும்” என்றவர், குரலைத் தாழ்த்தி, “என் பாட்டனாருக்குக் காலையில் ஒரு குவளை, மதியத்துக்குள் இரண்டு, மாலையில் ஒன்று. சம்பளத்தில் ஒரு பங்கு அதுதான்” என்றார்.

இதனை ‘டொப்’ முறை என்பர். கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே அளந்து கொடுத்துத் தொழிலாளரைத் தோட்டத்தோடு கட்டிவைத்த ஏற்பாடு அது. சட்டம் தடுத்த பின்னரும் பலகாலம் நீடித்தது. தாயின் குடியாற் கருவிலேயே பழுதுறும் பிள்ளைகள் உலகில் மிகுதியாகக் காணப்படும் இடங்களுள் இம்மாகாணமும் ஒன்று என்று வைத்தியர் பின்னர் கூறினார். அவர் அதற்குப்பின் எந்த மதுவையும் வருணிக்கவில்லை.

கணக்காளர் மட்டும் எம்மை விடவில்லை. “துப்பினாற் குடித்ததாகாது, வாக்குப் பிழையாது” என வழக்குரைத்தார். ஆனால் அன்னையார் குடிக்காதே என்று சொல்லவில்லை; நாக்கில் வைக்காதே என்றல்லவா சொன்னார்! கிண்ணத்தை அவர்பக்கமே தள்ளினோம். அப்பெண்மணி நகைத்து, வெளியே சென்று ஒரு குலை பழத்துடன் வந்தார். எமது ஊரிற் பந்தலிற் படரும் முந்திரிகைபோன்று பெரியவையல்ல; சிறிய, தோல் தடித்த, விதை மிகுந்த பழங்கள். இனிப்போ கருப்பநீரைத் தோற்கடிக்கும். கரும்பழத்தைப் பிதுக்கினால் சாறு நிறமற்றிருந்தது. செந்நிறம் முழுவதும் தோலிலிருந்தே இறங்குகின்றதாம்.

திரும்பும்போது பின்னாசனத்தில் இருவர் உறங்கிவிட்டனர். வாங்கிய போத்தல்கள் வளைவுதோறும் ஒன்றோடொன்று உரசி ஒலித்தன. முன்னாசனத்திலிருந்த வைத்தியர் நெடுநேரம் மௌனமாயிருந்து, “உம்முடைய மாமனாருக்கு அப்போது என்ன வயது?” என்று கேட்டார்.

“நாற்பத்தொன்று” என்றோம். எமக்கு இந்த ஆவணியில் நாற்பத்துநான்கு நிறைகிறது.