ஊசி சொன்ன பொய்

எனக்கு யந்திரங்களிடம் பக்தி அதிகம், ஞானம் கிடையாது. இந்தச் சேர்க்கை மலைப்பாதைக்கு ஆகாது என்பதை 2003-ம் வருஷம் தெரிந்துகொண்டேன்.

அப்போது தேவாரத்தில் குடியிருந்தோம். பூப்பாறையில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவார்களா? என் பழைய காரிலோ டெம்பரேச்சர் மீட்டர் செத்துப் பல வருஷம். முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பயந்துபோய், மதுரையிலிருந்து புது மீட்டரும் சென்சாரும் வாங்கி வந்தேன்.

தெருமுனை மெக்கானிக், ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸை நடுவில் அறுத்து, ஓர் அலுமினியக் குழாய்த் துண்டைச் செருகி, அதில் சென்சாரைத் திருகினார். இன்ஜின் ஓடிற்று, ஊசி அசையவில்லை. கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தேன்.

"அவரை ஏண்ணே திட்டுறீங்க? இன்ஜின்லயே மாட்டியிருந்தா எர்த் தானாக் கிடைக்கும். இங்கே ரெண்டு பக்கமும் ரப்பரு. கரண்டு எப்படித் திரும்பும்?"

குழாய்த் துண்டிலிருந்து இன்ஜினுக்கு ஓர் ஒயரை இழுத்துக் கட்டினார். ஊசி மெல்ல எழுந்து 80-க்கு வந்தது. சூடு ஏற ஏறச் சென்சாரில் மின்தடை குறையுமாம். அந்தக் குறைவைத்தான் ஊசி டிகிரியாகச் சொல்லுகிறதாம். எனக்குப் புல்லரித்தது. அந்த உற்சாகத்தில் ஸ்குரூடிரைவரைப் பிடுங்கி, கடைசிக் கிளிப்பை நானே முடுக்கினேன்.

மறுநாள் விடியற்காலையில் சிலமலை, போடி, முந்தல். சாலையைப் பார்த்ததைவிட ஊசியைப் பார்த்ததே அதிகம். எட்டாவது வளைவில் மனைவி, "ஏங்க, பாகு காய்ச்சுற மாதிரி வாசனை வருதே" என்றாள்.

"ஏலக்காயாக இருக்கும்."

"ஏலத்தோட்டத்துல பிறந்தவளுக்கு ஏலக்காய் வாசனை தெரியாதா?"

95-ல் நின்ற ஊசி 80-க்கு இறங்கிற்று, பிறகு 60. "பார்த்தாயா, மலைக் காற்று!" என்றேன். அடுத்த வளைவில் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பானெட்டைத் தூக்கினேன். 60 டிகிரி வெந்நீர் என்ன செய்துவிடும்? துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். பின்னால் வந்து நின்ற தோட்டத்து ஜீப்பின் டிரைவர் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"மூஞ்சி வெந்துரும் சார்!"

"ஊசி 60-தானே காட்டுகிறது?"

"அது மேல தண்ணி பட்டாத்தானே சூடு சொல்லும்? ஹோஸ் காலி. மிச்சத் தண்ணி உள்ளே கொதிக்குது."

கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். மூடியின் அழுத்தம்தான் அதை அடக்கி வைக்கிறது. திறந்தால், அடங்கியிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் ஆவியாகி வெளியே பாயும். மனைவிக்கு வந்தது கூலன்ட் கசிந்து காய்ந்த வாசனை.

"இந்தக் கிளிப்பை எவன் முடுக்கினான்?" என்று கேட்டார் டிரைவர். நான் மலையைப் பார்த்தேன்.

காரை ஓரம் தள்ளிவிட்டு ஜீப்பில் ஏறினோம். காய் எடுக்கப் போகிற பெண்கள் நெருக்கி இடம் கொடுத்தார்கள். முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பூப்பாறையில் இறங்கினோம். மடியில் பையன் கதறக் கதற ஆசாரி காது குத்தினார். என் வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"பிள்ளை அழுகிறது மாமனுக்குப் பொறுக்கலை" என்றாள் ஒரு கிழவி. மனைவி ஒன்றும் சொல்லாமல் என் கையில் சந்தனத்தைப் பூசினாள்.