இந்த வருஷம் நான் சுத்தியல் தூக்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

"பிரீமியர் லீக் ஏலத்தை இந்த முறை சேர் நடத்தமாட்டாராம், கமிட்டியோட கோபமாம்" என்று ஒரு வாரமாக வட்ஸ்அப் குழுக்களில் கதை ஓடுகிறது. நேற்று மீன் வாங்கப் போன இடத்திலும் ஒருவர் கேட்டார். கமிட்டியோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதில் பாதிப்பேர் என்னிடம் கணிதம் படித்தவர்கள். நடந்தது வேறு. அதை நானே சொல்லிவிடுவது நல்லது.

போன வருஷ ஏலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கல்யாண மண்டபத்தின் மேல்மாடி, இஷாவுக்குப் பிறகு, பேஸ்புக் லைவ். 8 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 2 ஐகன் வீரர்கள் முன்கூட்டியே. மிச்சம் 13 பேரை ஏலத்தில் எடுக்க வேண்டும், கையில் 10,000 புள்ளி. ஏ பிரிவுக்கு ஆரம்ப விலை 500, பி பிரிவுக்கு 300, சி பிரிவுக்கு 100. மேசையில் ஒரு மரச்சுத்தியல். "சேர் நடுநிலையான ஆள், சேரே நடத்தட்டும்" என்று சொல்லி அதை என் கையில் தந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது. கோட் கூடப் போட்டுக்கொண்டு போனேன்.

ஐகன்களை விட்டால் பதிந்திருந்தவர்கள் 131 பேர். 8 அணி, 13 இடம், மொத்தம் 104. அதாவது சுத்தியலைத் தூக்க முன்னமே 27 பிள்ளைகள் வெளியே. ஆறாம் ஆண்டுப் பிள்ளை செய்யும் கணக்கு. கணித ஆசிரியரான நான் அந்த இரவில் அதைச் செய்யவில்லை.

முதல் ஒரு மணித்தியாலம் ஒரே கொண்டாட்டம். ஒரு சகலதுறை வீரர் 4,200க்குப் போனார். கடைக்காரர் ஒருவரும் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த தம்பி ஒருவரும் போட்டிபோட்டு ஏற்றினார்கள். மண்டபமே எழுந்து நின்றது. பிறகு புள்ளிகள் வற்றத் தொடங்கின. எல்லா அணியிலும் இரண்டு மூன்று இடம்தான் மிச்சம். பெட்டிக்குள் இன்னும் பெயர்ச்சீட்டுகள் கிடந்தன. இப்போது எடுத்தால் பிறகு வரப்போகும் நல்லவன் தவறிவிடுவான் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் என் மாணவன் ஒருவனின் பெயர் வந்தது.

பெயர் சொல்லமாட்டேன். இடதுகைச் சுழற்பந்து. மென்பந்தில் சுழற்பந்து வீச்சாளனை அடித்து நொறுக்குவார்கள் என்பது நம்மூர் நம்பிக்கை. சி பிரிவு, ஆரம்ப விலை 100. நான் வாசித்தேன். யாரும் கை தூக்கவில்லை. "ஒண்டு... ரெண்டு... மூணு. அன்சோல்ட்." சுத்தியலைத் தட்டினேன். லைவில் சிரிக்கும் முகங்கள் இரண்டு மூன்று பறந்தன. கடைசியில் மிஞ்சியவர்களுக்கு இரண்டாம் சுற்று. அதிலும் அவன் பெயரை வாசித்தேன். அதே ஒண்டு, ரெண்டு, மூணு. பிளாஸ்டிக் கதிரைகளுக்குப் பின்னால் சுவரோடு நின்றுகொண்டிருந்தவன் படியிறங்கிப் போனதை நான் கண்டேன். வீட்டில் உம்மாவும் தங்கச்சியும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அது பிறகு தெரிந்தது.

திங்களும் செவ்வாயும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வாப்பாவோடு கடலுக்குப் போயிருக்கிறான். புதன்கிழமை வந்ததும் மரத்தடிக்குக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லப் போனேன். "இதெல்லாம் பெரிய விஷயமா மகன்? அடுத்த வருஷம் பார்ப்பம். ஏலத்துல எடுபடாட்டி திறமை இல்ல எண்டு அர்த்தமா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"நீங்கதானே சேர் ரெண்டு தரமும் தட்டின."

அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. வகுப்புக்குப் போகச் சொன்னேன்.

அவன் வாப்பாவைக் கரையில் கண்டேன். அவருக்கு ஏலம் புதிதில்லை. ஒவ்வொரு காலையும் மீனைக் குவித்துவைத்து ஏலம் கூறும் இடத்தில் நிற்கிறவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "விலைபோகாத மீனக் கருவாடாப் போடலாம் சேர். இவன என்ன செய்ற?"

அன்றிலிருந்து இந்த ஏலம் என்ற விஷயத்தைத் தோண்டத் தொடங்கினேன். பழக்கதோஷம், விளங்காத கணக்கை விட்டுவிட முடியாது.

எல்லோருக்கும் தெரிந்த ஐபிஎல்லையே எடுப்போம். 2008 பெப்ரவரியில் முதலாவது ஏலம். நம்ம சனத் ஜயசூரிய 975,000 டொலருக்கு மும்பைக்குப் போனார். முத்தையா முரளிதரன் 600,000 டொலருக்குச் சென்னைக்கு. முரளி சனத்தை விட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்த ஆளா? டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த மனிதர். அந்த நேரத்தில் யார் கையில் எவ்வளவு மிச்சம், யாருக்கு எந்த இடம் காலி, எதிர் மேசையில் யார் பிடிவாதமாக இருக்கிறார் என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. ஆளின் திறமை அதில் ஒரு பகுதி மட்டுமே.

வனிந்து ஹசரங்கவைப் பாருங்கள். 2022 ஏலத்தில் பெங்களூர் அவருக்குக் கொடுத்தது 10.75 கோடி இந்திய ரூபா. 2023 டிசம்பரில் ஹைதராபாத் எடுத்தது வெறும் 1.5 கோடிக்கு, ஆரம்ப விலைக்கே. அடுத்த ஏலத்தில் ராஜஸ்தான் கொடுத்தது 5.25 கோடி. அதே கை, அதே கூக்ளி. இடையில் அவர் குதிக்கால் காயத்தால் 2024இல் விளையாட முடியாமல் போனதால் அந்த இடத்துக்குப் போனவர்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை விஜயகாந்த் வியாஸ்காந்த். 2024 மே 8இல் லக்னோவுக்கு எதிராக ஹைதராபாத்துக்காக இறங்கினார். சுத்தியல் தட்டி எடுக்கப்பட்டவர் இல்லை, மாற்று வீரராக 50 இலட்சத்துக்குக் கூப்பிடப்பட்டவர். அவரும் சுழற்பந்து வீச்சாளர் என்பதை நம்மூர் அணி முதலாளிகள் கவனிக்கவும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2008இல் 19 வயதுக்குட்பட்ட இந்திய வீரர்களை ஏலம் போடவில்லை, அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்தன. முதல் முறை டெல்லிக்கு. விராட் கோலி டெல்லிப் பிள்ளை, அந்த வருஷம் உலகக் கிண்ணம் வென்ற இளையோர் அணியின் தலைவர். டெல்லி அவரை விட்டுவிட்டு அதே அணியின் இடதுகை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. அவர்களிடம் சேவாக், கம்பீர், டி வில்லியர்ஸ், டில்ஷான் என்று துடுப்பாட்டம் நிரம்பியிருந்தது. அந்த நாளின் கணக்குப்படி அது பிழையான தெரிவும் இல்லை. கோலி பெங்களூருக்குப் போனார். மீதிக்கதை உங்களுக்குத் தெரியும்.

இந்த முறைவைத்து எடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லித்தந்தவன் என் பழைய மாணவன். கட்டாரில் அமெரிக்கர்கள் தங்கும் ஓரிடத்தில் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. அங்கே டீவியில் எந்நேரமும் அமெரிக்கன் புட்போல்தானாம். (நம்ம புட்போல் இல்லை. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், றக்பி மாதிரி. அதற்கு ஏன் புட்போல் என்று பெயர் வைத்தார்கள் என்பதை அவனாலும் விளக்க முடியவில்லை.) விளையாட்டு நடக்காத மாதங்களிலும் அவர்கள் அதைப் பற்றியேதான் பேசுவார்களாம். எவனை விற்பது, எவனை மாற்றுவது, புதுப் பிள்ளைகளில் எவனை எடுப்பது என்று. அவன் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் இது: "சேர், அங்க புதுப் பொடியன்மார எடுக்க ஏலமே இல்ல. போன வருஷம் கடைசியா வந்த டீமுக்குத்தான் முதல் சான்ஸ். கடைசி வாங்குல இரிக்கிறவனுக்கு முதல்ல புத்தகம் குடுக்குற மாதிரி."

தேடி வாசித்தேன். 32 அணிகள், 7 சுற்று. கடைசி இடத்து அணி முதலில் எடுக்கும், சம்பியன் அணி சுற்றின் கடைசியில். ஒரு அணி மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பதற்கும் 1994இலிருந்து உச்சவரம்பு இருக்கிறது, நம்ம 10,000 புள்ளி மாதிரி. தன் முறையையே இன்னொரு அணிக்கு விற்கலாம், அடுத்த வருஷ முறையைக்கூட. 1989இல் டல்லாஸ் அணி தன் பெரிய நட்சத்திரம் ஹேர்ஷல் வோக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, பதிலுக்கு வீரர்களையும் ஒரு கட்டு தெரிவு முறைகளையும் வாங்கியது. அந்த முறைகளை வைத்துப் புதிதாக அணி கட்டி, அடுத்த சில வருஷங்களில் மூன்று தடவை சம்பியன். ஒப்பந்தங்களும் வேடிக்கையானவை. ஐந்து வருஷம், இத்தனை மில்லியன் என்று பத்திரிகையில் வரும். அதில் உத்தரவாதம் என்று எழுதிய பகுதிதான் நிச்சயம், மிச்சத்தை அணி நினைத்தால் பாதியில் வெட்டிவிடலாம். நம்மூரில் ஒப்பந்தம் என்றால் ஒரு சோடி சப்பாத்தும் பரிசுக்காசில் பங்கும், அதுவும் வாய்ப்பேச்சில். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கே எழுதினால் நாளை நான் கடைத்தெருவுக்குப் போக முடியாது.

1935இல் கடைசியாக வந்த பிலடெல்பியா அணியின் முதலாளி பேர்ட் பெல் கொண்டுவந்த யோசனை இது. 1936இல் முதன்முதலாக எடுக்கப்பட்ட ஜே பேர்வாங்கர் என்ற வீரர் சம்பளம் ஒத்துவராமல் அந்த லீக்கில் ஒரு மெச்கூட விளையாடவில்லை. 2000ஆம் ஆண்டு 199ஆவதாக எடுக்கப்பட்ட டொம் பிரேடி ஏழு தடவை சம்பியன் ஆனார். 2022இல் 262ஆவது, அதாவது ஆகக் கடைசி ஆள், புரொக் பேர்டி. கடைசியாக எடுக்கப்படுகிறவரை "பொருட்டில்லாதவர்" என்று அங்கே பகிடியாகக் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷத்துக்குள் அவர் இறுதிப்போட்டியில் அணியை நடத்தினார், 2025இல் ஐந்து வருஷத்துக்கு 265 மில்லியன் டொலர் ஒப்பந்தம்.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். ஏலத்தை விட்டுவிட்டு முறைவைத்து எடுப்போம், போன வருஷம் எட்டாவதாக வந்த அணிக்கு முதல் சான்ஸ் என்றேன். முதல் எதிர்ப்பு முதலாளிமாரிடமிருந்து. "காசு போடுறது நாங்க சேர். லைவ் ஏலம் இல்லாட்டி ஸ்பொன்சர் ஆரு தருவான்?" அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது அந்த 4,200 புள்ளித் தம்பியிடமிருந்து வந்தது. "சேர், முறைவெச்சு எடுத்தா நான் எந்த டீமுக்குப் போறதெண்டு சீட்டுத்தான் சொல்லும். எண்ட காக்காவோட ஒரே டீம்ல விளையாட ஏலாதா?" ஏலத்தில் மட்டும் அவர் விரும்பிய அணிக்கா போனார் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அமெரிக்காவிலும் புதுப் பிள்ளைக்குத் தன் ஊரைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை, எடுத்த அணிக்குத்தான் போக வேண்டும். என் கொப்பியில் அதற்கு விடை இருக்கவில்லை.

இரவு பதினொன்று வரை இழுபட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். ஏ, பி பிரிவுகளுக்கு ஏலம், லைவோடு. சி பிரிவை லைவ் இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, கடைசி அணியிலிருந்து முறைவைத்து எடுப்பது. "அன்சோல்ட்" என்று யாரும் ஒலிவாங்கியில் சொல்லக்கூடாது. காக்காவும் தம்பியும் கேட்டுக்கொண்டால், இரண்டு அணியும் சம்மதித்தால், ஆளை ஆள் மாற்றிக்கொள்ளலாம். புதிதாக இரண்டு அணிகள். 10 அணி, அணிக்கு 14 இடம், மொத்தம் 140. ஜேர்சிச் செலவு கூடுகிறது என்று முணுமுணுப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. சுத்தியலை வேறொருவர் எடுத்துக்கொண்டார், நல்ல குரல்வளம் உள்ள தம்பி. நான் உள்ளே இருந்து சி பிரிவுப் பட்டியலை எழுதுவேன்.

நேற்று மக்ரிப் வரை பதிந்தவர்கள் 138 பேர். இரண்டு இடம் காலி. பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தரம் பார்த்தேன். அவன் பெயர் இல்லை. போன கிழமை என்னிடம் ஒரு படிவம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். "தம்பிக்கு சேர்" என்றான். தம்பிக்கு வயது பத்து.

கொமண்டில் யாரும் ஊகித்துப் பெயர் எழுத வேண்டாம், தயவுசெய்து. எழுதினால் அழித்துவிடுவேன். பதிவு வெள்ளிக்கிழமை அஸர் வரைக்கும். படிவம் என்னிடமும் இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்ட பிறகு கணித அறையில்தான் இருப்பேன்.