ஒன்றும் தெரியவில்லை

காசிக்கு வந்தவர்கள் தமக்குப் பிரியமான எதையேனும் இங்கே விட்டுச் செல்ல வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். கத்தரிக்காயை விட்டவர் உண்டு; பாகற்காயை விட்டுவிட்டு, "அது எனக்கு முன்பே பிடிக்காதே" என்று மகிழ்ந்தவரும் உண்டு. நான் விட்டது என் பௌதிகக் கர்வத்தை. அதை விடும்படி செய்தது விசுவநாதர் அல்ல. எங்கள் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி.

சென்ற ஆண்டு விடுதியை விட்டு வெளியேறி, அஸ்ஸிக்கு அருகே ஒரு பழைய வீட்டின் மாடியில் நாங்கள் மூவர் குடியேறினோம். எங்களில் மூத்தவர் பாளையங்கோட்டைக்காரர். இரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறார். அவரை அண்ணாச்சி என்போம். கீழே வீட்டுக்காரர் பண்டிட்ஜி, அவருடைய மனைவி மாதாஜி, ஐந்து வயதுப் பேரன் ஒருவன். பண்டிட்ஜி பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கைபேசியில் கிடைக்கும் இணையம் எங்களுக்குப் போதவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் பாதியில் நின்றன. ஞாயிறுதோறும் அம்மாவுடன் பேசும்போது அவள் முகம் சதுரம் சதுரமாக உடைந்து போயிற்று. ஆகவே ஒளியிழை இணைப்பு வாங்குவதென்று தீர்மானித்தோம். முகவரிச் சான்று எங்களிடம் இல்லாததால் இணைப்பைப் பண்டிட்ஜியின் பெயரில்தான் எடுக்க முடிந்தது. "படித்த பிள்ளைகள் நீங்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லி, அவர் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார்.

இணைப்புக் கொடுக்க வந்தவர் முப்பது வயதுக்குள் இருப்பார். கம்பத்திலிருந்து கறுப்புக் கம்பியை இழுத்து, மின்சாரக் கம்பியிலிருந்து விலக்கி, சன்னல் ஓரமாக உள்ளே கொண்டுவந்தார். மேலுறையைச் சீவி உள்ளிருந்த கண்ணாடி இழையை வெளியே எடுத்தார். அதன் பருமன் 125 மைக்ரான். தலைமயிரைவிடச் சற்றே தடிமன். நுனியை நறுக்கியபோது விழுந்த சிறு துண்டுகளை ஒன்று விடாமல் ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு மூடினார். பிறகு பச்சை நிற முனையைப் பொருத்திப் பெட்டியில் செருகினார்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. 1966-ஆம் ஆண்டில் சார்லஸ் காவோ, கண்ணாடியைப் போதிய அளவு சுத்தப்படுத்தினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்போடு ஒளியை அனுப்பலாம் என்று கணித்ததையும், அதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றதையும் அவருக்கு எடுத்துரைத்தேன். நம் பெட்டிக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், போகும் ஒளி 1310 நானோமீட்டர், இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பையா, எனக்கு நாலு விஷயம் தெரியும். கம்பியைக் கூர்மையாக மடிக்காதீர்கள். பெட்டியோடு வந்த அடாப்டரைத் தவிர வேறு எதையும் செருகாதீர்கள். முனையைக் கழற்றினால் உடனே மூடி போடுங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள்."

"இவ்வளவுதானா? இதெல்லாம் எனக்குத் தெரியாதா!" என்று நினைத்துக்கொண்டேன்.

போகுமுன் அவர், "வைஃபைக்குக் கடவுச்சொல் என்ன வைக்கட்டும்?" என்று கேட்டார். "ஒன்று முதல் எட்டு வரை வையும். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்" என்றார் அண்ணாச்சி. பெட்டியின் உள் அமைப்புக்கான கடவுச்சொல்லோ, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே சொல்லாக இருந்தது. "பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். தமிழிலானாலும் இந்தியிலானாலும் 'பிறகு' என்ற சொல்லின் பொருள் ஒன்றே.

காசியின் குரங்குகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டில் கங்கைக் கரையோரம் போட்ட ஒளியிழைக் கம்பிகளை அவை கடித்துத் தின்றுவிட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்தப் பரம்பரையில் வந்த ஒருவர் மூன்றே வாரத்தில் எங்கள் கம்பியையும் ருசி பார்த்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. முனையில் தூசி சேர்ந்திருக்கலாம் என்று நான் பச்சை முனையைக் கழற்றினேன். மூடி எங்கே? முதல் நாளே குப்பையோடு போயிற்று. முனையை அப்படியே தொங்கவிட்டுவிட்டு, நிறுவனத்தாருக்குத் தொலைபேசி செய்ய வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது பண்டிட்ஜியின் பேரன் எங்கள் நாற்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தான். பச்சை முனை அவன் வலது கண்ணருகே இருந்தது. இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, மிகுந்த ஏமாற்றத்தோடு, "பையா, இதில் ஒன்றும் தெரியவில்லையே!" என்றான்.

என் உடல் சில்லிட்டது. ஒன்றும் தெரியாததுதானே அதன் குணம்! கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சமானால் இமை தானாக மூடிக்கொள்ளும். தெரியாத ஒளிக்கு இமையும் காவல் இல்லை. அன்று வகுப்பெடுத்தவன் நான்தான். மூடி போடாதவனும் நான்தான்.

இணைப்பாளர் வந்ததும், வேறு எதுவும் பேசாமல், அவருடைய அளவியை அந்த முனையில் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். ஒளி சிறிதும் வரவில்லை. கம்பி வெளியிலேயே அறுந்திருந்தது. குரங்கு செய்த சேட்டையே குழந்தைக்குக் காவலாயிற்று. பழுது பார்த்த பிறகு அளவி மைனஸ் 20 காட்டியது. அதாவது ஒரு மில்லிவாட்டில் நூற்றில் ஒரு பங்கு. அனுப்பும் ஒளி வழியில் பல வீடுகளுக்குப் பங்கிடப்படுவதால் இவ்வளவு குறைவு. கம்பி அறாமல் இருந்தாலும் பையனுக்குப் பெரும் தீங்கு நேர்ந்திராது என்று கணக்குச் சொல்லியது. ஆனால் நான் முனையைத் தொங்கவிட்டபோது அந்தக் கணக்கைப் போட்டுவிட்டா தொங்கவிட்டேன்? மறு முனையில் எது இருக்கிறது என்று அறியாதவனுக்குக் கணக்கு ஏது? மேலும், ஒளியைவிட நறுக்கிப்போட்ட கண்ணாடித் துண்டு பொல்லாதது. விரலில் ஏறினால் கண்டுபிடிப்பதே கடினம்.

மாதாஜியிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. அவர் பேரனை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்: "அதைப் பார்க்கக் கூடாதென்று உனக்குத் தெரிந்திருந்ததா?"

"தெரிந்திருந்தது."

"தெரிந்துமா?"

அவ்வளவுதான். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்தும் செய்யாமல் விட்டவை வேறு என்னென்ன என்று யோசித்தேன். எழுந்து பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் மூவரிடமும் உள்ள கருவிகள் ஐந்து. பட்டியலில் இருந்தவை பதினொன்று! ஒன்று முதல் எட்டு வரை எண்ணத் தெரிந்தவர் அனைவருக்கும் எங்கள் வீடு திறந்து கிடந்தது. அவர்களில் எவரேனும் தகாத காரியம் ஒன்று செய்தால் விசாரிக்க வருகிறவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? இணைப்பு பண்டிட்ஜியின் பெயரில் அல்லவா இருக்கிறது!

அண்ணாச்சியை எழுப்பினேன். "என்ன வே, குரங்கா?" என்றார். "இல்லை அண்ணாச்சி, நாம்தான்" என்றேன்.

அன்றிரவு செய்ததை இங்கே எழுதுகிறேன். புதிதாக இணைப்பு வாங்கும் நண்பர்களுக்குப் பயன்படும். முதலில் ஒளியிழையைக் கழற்றி, இம்முறை மூடி போட்டோம். வெளியுலகத் தொடர்பு அற்ற நிலையில், பெட்டியையும் மடிக்கணினியையும் ஒரு கம்பியால் இணைத்துக்கொண்டோம். பெட்டியின் உள் அமைப்புக்கான பழைய கடவுச்சொல்லை மாற்றினோம். 2016-இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது பெரிய தந்திரத்தால் அல்ல. தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் சில டஜன்களைப் போட்டுப் பார்த்தே பிடித்தது. வைஃபைக்குச் சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்தோம். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.3-ஐத் தேர்ந்தோம், பழைய கருவி அதை ஏற்காவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2-க்குக் கீழே இறங்கக் கூடாது.

டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு குறுக்குவழி உண்டு. எட்டு இலக்க எண் என்றதும் கோடிக்கணக்கில் முயல வேண்டும் போலத் தோன்றும். ஆனால் பெட்டி அதை இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கிறது; கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே 10,000-மும் 1,000-மும் சேர்ந்து 11,000 முயற்சிகளே போதும். இது 2011-லேயே வெளியான செய்தி. அந்த வழியையும், வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வழியையும் அடைத்தோம். பிறகு ஒளியிழையைச் செருகி, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தோம்.

பெட்டியின் இடத்தையும் மாற்றினோம். இரும்பு அலமாரியின் பின்னே, துணி மூடிக் கிடந்ததை, காற்றோட்டமாகவும் பையனுக்கு எட்டாத உயரத்திலும் சுவரில் மாட்டினோம். சூடும் தணிந்தது, அம்மாவின் முகமும் முழுமையாகத் தெரிந்தது. இடி மின்னலின்போது அடாப்டரைப் பிடுங்கிவிடுவது என்று விதி செய்தோம். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வீட்டு மின்கம்பி கடத்துமே!

மறுநாள் காலை மாடி ஏறி வந்தான் எதிர்த் தேநீர்க் கடைப் பையன். "பையா, நெட் போய்விட்டதே" என்றான், உரிமையோடு! பிறகு முகம் சிவந்து, தேர்வுக்கு விண்ணப்பம் பாதி நிரப்பியிருப்பதாகச் சொன்னான். எங்கள் அறையிலேயே உட்கார வைத்து முடிக்கச் சொன்னோம். பூட்டுப் போடுவது வேறு, வந்தவரை விரட்டுவது வேறு என்றார் அண்ணாச்சி.

பண்டிட்ஜியிடம் அவர் பெயருக்கு நேர இருந்த ஆபத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பையன்தான் விடைத்தாளில் பெயர் எழுத மறப்பான்" என்றார்.

நண்பர்களே, பேரனுக்கு இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பச்சை முனைக்கான மூடி ஒரு சிறு டப்பாவில் அவன் பொறுப்பில் இருக்கிறது. முனையைக் கழற்ற வேண்டுமானால் நான் கீழே இறங்கிப் போய் அவனிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவன் என்னைக் கண்டிப்பாகப் பார்த்து, "திருப்பித் தருவீர்களா?" என்று கேட்கிறான். பௌதிக மாணவனாகிய நான் கைகட்டி நின்று, "தருகிறேன்" என்கிறேன்.