யாத்திரையும் சித்திரமும்

திண்டுக்கல்லிலிருந்து பழநி செல்லும் ராஜபாட்டையில், பழநிக்குச் சற்றுக் கிழக்கே இருப்பது ஆயக்குடி. முற்காலத்தில் அது ஒரு பாளையம். இன்று கொய்யாத் தோப்புகளுக்குப் பேர்போன ஊர். தெற்கே மலைத்தொடர் நீலச் சுவர்போல் நிற்கிறது. தைப்பூசக் காலத்தில் இவ்வழியே பாதயாத்திரை செல்லும் பக்தர்கள் அநேகர். மலைக்கோயில் பின்னால் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் நம்மவர்களில் பலருக்கு யாத்திரை பூர்த்தியாவதில்லை. 2023 அக்டோபர் முதல் கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை ஏற்பட்டதால், அந்த வைபவம் வெளியிலேயே நடந்தேறிவிடுகிறது!

இந்த ஆசை புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபு குலத்தாருக்கு இத்தாலிதான் காசி. 1766-ல் பிரன்ஸ்விக் என்னும் ஜெர்மானிய நாட்டின் இளவரசர் கார்ல் வில்ஹெல்ம் பெர்டினாண்ட் ரோமாபுரிக்குச் சென்றார். பண்டைக் கலைகளில் மகா பண்டிதரான விங்கெல்மான் அவருக்கு வழிகாட்டினார். பொம்பேயோ பத்தோனி என்ற ஓவியர் 1767-ல் இளவரசரின் உருவத்தைத் தீட்டினார். பழங்காலக் கலசங்கள் சித்திரத்தில் உண்டு. ஆயினும் நடுநாயகமாக விளங்குபவர் இளவரசரே. நெப்போலியன் படையுடன் பொருது காயமுற்று 1806-ல் அவர் மாண்டார்.

நம் நாட்டில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது தஞ்சை இரண்டாம் சரபோஜியின் யாத்திரை. ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் ஆதரவில் வளர்ந்த அவர் 1798-ல் பட்டமேறினார். மறு வருஷமே கும்பெனியார் ராஜ்யத்தைக் கைப்பற்றிக்கொண்டு, கோட்டையை மட்டும் அவருக்கு விட்டுவைத்தார்கள். அந்த அரசர் 1820-ல் சுமார் 3000 பேர் சூழக் காசிக்குப் புறப்பட்டார். சரபோஜியின் உருவப்படங்களும் பல உண்டு. ஆனால் காசி யாத்திரையின் ஞாபகமாகத் தஞ்சை சரஸ்வதி மகாலில் இருப்பவை, அந்நகரின் 64 படித்துறைகளைக் காட்டும் வண்ணச் சித்திரங்கள்!

இளவரசரின் படம் அவர் எப்படி இருந்தார் என்று சொல்கிறது. சரபோஜியின் சித்திரங்களோ கங்கைக்கரை எப்படி இருந்தது என்று சொல்கின்றன. நாடிழந்த ஒருவர், காசிக்குப் போக வசதியற்ற குடிகளின் சந்ததிக்கும் அந்தக் காட்சியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

அடுத்த முறை பழநிக்குச் செல்லும் நேயர்கள் தங்கள் படத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். கூடவே சாலையையும், தோப்பையும், மலையையும் தனியே ஒரு படம் எடுத்து வைக்கட்டும். பேரன் பேத்திகள் பிற்காலத்தில் தேடப்போவது அந்தப் படத்தைத்தான்.