அறுபது பாகை

நிமோனியாக் கிருமியில் இரண்டு வகை. ஒன்று சட்டை போட்டது, மற்றது சட்டை போடாதது. கிளிநொச்சியில் நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் கரும்பலகையில் எலிகளைக் கீறி இப்படித்தான் விளங்கப்படுத்துவான். பிறகு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தோம். அதில் பலதும் மறந்துபோயிற்று. அவனுடைய எலிகள் மறக்கவில்லை.

சட்டை என்று அவன் சொன்னது வழுவழுப்பான மேலுறையை. அது இருந்தால் வெண்குழியங்களால் கிருமியை இலகுவில் விழுங்கமுடியாது, எலி சாகும். உறையில்லாத கிருமி எலியை ஒன்றும் செய்யாது. 1928 இல் பிரெட்றிக் கிறிபித் உறையுள்ளதை 60 பாகையில் சூடாக்கிக் கொன்றார். செத்ததை மட்டும் ஏற்றியபோது எலி பிழைத்தது. அதோடு உயிருள்ள உறையில்லாததையும் சேர்த்து ஏற்றியபோது எலிகள் செத்தன. அவற்றின் இரத்தத்தில் உயிரோடு இருந்தது உறையுள்ள கிருமி!

கிறிபித்தின் ஆய்வுகூடம் லண்டன் எண்டெல் வீதியில் இருந்தது. நாங்கள் கோப்பை கழுவும் றெஸ்ரோறண்டிலிருந்து நடைதூரம். காரணம் தெரியாமலே அவர் போய்விட்டார். 1941 இல் இந்த நகரத்தில் விழுந்த ஜேர்மன் குண்டு. கரும்பலகையில் கீறியவனும் இல்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைக் கண்டவர் எவருமில்லை.

"செத்தது எப்பிடியடா தம்பி சீவனுள்ளதுக்குச் சட்டை தைச்சுக் குடுக்கும்?" என்று குசினியில் எங்களோடு நிற்கும் பருத்தித்துறை அண்ணை ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி. நியூயோர்க்கில் ஏவரியும் மக்லியோட்டும் மக்காட்டியும் 1944 இல்தான் விடை சொன்னார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதியத்தை இட்டாலும் மாற்றம் நடந்தது, டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தை இட்டால் நின்றது. கிருமியைக் கொன்ற சூடு டி.என்.ஏ.யை அழிக்கவில்லை. செத்தது தைத்துக் கொடுப்பதில்லை அண்ணை, தைக்கிற முறை எழுதிய துண்டு கைமாறுகிறது என்றோம். ஏவரிக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை என்பது எங்களுக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

வந்தவர்கள் கலந்துவிட வேண்டும் என்று இங்கே லேசாகப் பேசுகிறார்கள். கிருமிக்குள் நடப்பது அவ்வளவு லேசில்லை. வெளியே ஈரிழையாக இருக்கும் டி.என்.ஏ. ஓரிழையாகத்தான் உள்ளே போகும். மற்ற இழை வாசலிலேயே துண்டுதுண்டாக வெட்டப்படும். உள்ளே போன இழையும் அங்குள்ளதோடு எங்காவது ஒத்துப்போனால்தான் பொருந்தும். பொருந்தாதது பெரும்பாலும் சிதைந்துபோகும்.

வாசல் எந்நேரமும் திறந்திருப்பதுமில்லை. கலங்கள் நெருக்கமாகப் பெருகும்போது சின்னப் புரதத்துண்டு ஒன்றை வெளியே விட்டு ஒன்றுக்கொன்று அறிவிக்கும். பிறகு கொஞ்சநேரந்தான் திறப்பு. அந்நேரம் ஆயத்தமாகாமல் நிற்கும் தன் இனக் கலங்களை உடைத்து அவற்றின் டி.என்.ஏ.யையும் எடுத்துக்கொள்ளும். ஆய்வாளர்கள் இதற்குச் சகோதரக்கொலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை எங்களுக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இப்படி எடுத்தவற்றால் மனிதருக்கு வந்த வில்லங்கமும் உண்டு. பெனிசிலினுக்கு அடங்காத நிமோனியாக் கிருமிகளின் பரம்பரை அலகுகளை வாசித்தவர்கள், வாயிலும் தொண்டையிலும் சாதுவாக வாழும் வேறு கிருமிகளின் துண்டுகளை அவற்றில் ஒட்டுப்போட்டதுபோலக் கண்டார்கள். அந்தத் துண்டுகள் எந்த ஊரில், யாருடைய தொண்டையில் முதலில் கைமாறின என்று இனி எவராலும் சொல்லமுடியாது.